வீட்டில் இருக்கும் அம்மா

என் கணவர் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி கேட்டது ஒரே கேள்விதான். "கை நடுங்குமா?" இவர் கையை நீட்டிக் காட்டினார். நடுங்கவில்லை. மறுநாளே வேலை. எனக்குப் பால்வாடி வேலை கிடைத்தபோது பாட்டுப் பாடத் தெரியுமா என்றார்கள். பாதிப் பாட்டிலேயே போதும் போதும் என்று கையமர்த்தி வேலையைக் கொடுத்துவிட்டார்கள். இப்படி ஐந்து நிமிஷத்தில் பிழைப்பைத் தேடிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. ஆனால் எங்கள் மகள், மூன்றரை வயது, மூக்கு ஒழுகினால் துடைத்துவிட ஆள் வேண்டும், அவள் எல்.கே.ஜி.யில் சேரவேண்டுமென்றால் குடும்பத்தோடு போய் இன்டர்வியூ கொடுக்கவேண்டுமாம். தொண்ணூறுகளின் கோயமுத்தூர் அப்படித்தான் இருந்தது. கலெக்டர் வேலைக்குக்கூடத் தகப்பனையும் தாயையும் கூட்டிவைத்துக் கேள்வி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் சிங்காநல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். இரண்டு தெரு தள்ளி என் பால்வாடி. மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் காலையில் வந்து சாயங்காலம் வரை என்னிடம் இருப்பார்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்வதுதான் என் உத்தியோகம். தயார் என்றால் பெரிய ரகசியமெல்லாம் இல்லை. கை கழுவவேண்டும், வரிசையில் உட்காரவேண்டும், பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கக்கூடாது, ஒன்றுக்கு வந்தால் வருவதற்கு முன்னால் சொல்லவேண்டும். இந்தக் கடைசிப் பாடத்துக்குத்தான் நாளாகும். சொல்லிவிட்டால் போதும், ஒன்றாம் வகுப்பு வாத்தியார் என் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்வார்.

என் அப்பாவும் அம்மாவும் காரமடைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அங்கே என் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏ புள்ள"தான், தலை நரைத்த பிறகும். சிங்காநல்லூரில் முதல் நாள் ஒருத்தி "ஏனுங்க டீச்சர்" என்று கூப்பிட்டபோது, எனக்குப் பின்னால் வேறு யாரோ டீச்சர் நிற்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான்தான். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதைச் சொன்னவருக்குப் பிள்ளை இருந்திருக்காது. என் மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் அவளையும் பால்வாடிக்கே கூட்டிக்கொண்டு போனேன். போன முதல் வாரமே வம்பு. சத்துமாவு உருண்டை டீச்சர் மகளுக்கு மட்டும் பெரிசாக வருகிறது என்று ஒரு பொடியன் வீட்டில் போய் வத்தி வைத்துவிட்டான். மறுநாள் அவன் அம்மா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றாள். "ஏனுங் டீச்சர், உங்க புள்ளைக்குத் தேங்கா அளவு, எங்க புள்ளைக்கு எலுமிச்சங்கா அளவுங்களா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!" மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. எங்கள் பக்கத்தில் செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டேன். "பாரு கண்ணு, நான் சேலையில பின்னு குத்திப் பையத் தோள்ல மாட்டிட்டா டீச்சர். அம்மான்னு கூப்பிடக்கூடாது. எல்லாப் புள்ளைகளும் கூப்பிடறாப்பலதான் நீயும் கூப்புடோணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அம்மா?"

எனக்கு உலையில் அரிசி போட்டிருந்த அவசரம். "அம்மா ஊட்டுல இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் தவறியதில்லை. பை தோளில் ஏறியதும் டீச்சர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டிப் பின்னைக் கழற்றியதும், "அம்மா!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள், என்னமோ நாள் பூராவும் என்னைப் பார்க்காதவள் மாதிரி. காலையில் நான் வீட்டைப் பூட்டும்போது கதவைப் பார்த்து டாட்டா காட்டுவாள். "எங்க புள்ள ஊட்டுக்கே டாட்டா சொல்லுவாளாக்கும்" என்று லைன் பூராவும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். என்ன ஒரு கட்டுப்பாடு, என்ன ஒரு பாசம்! எனக்கிருந்த பூரிப்பில், என் வளர்ப்பைப் பற்றி நானே ஒரு வகுப்பு எடுத்திருப்பேன்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தார். அவர் வீட்டுக்காரர் மில் ஆபீஸில் கிளார்க். அவர்கள் பையன், நாங்கள் மகளைச் சேர்க்க நினைத்த பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போன வருஷம் சேர்ந்துவிட்டதால், அக்கா அந்த வட்டாரத்துக்கே இன்டர்வியூ நிபுணர்.

"நீங்க என்ன பண்ணுங்க அம்மணி, பால்வாடின்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிப்போடாதீங்க. ஹவுஸ் வைஃப்னு சொல்லிப்போடுங்க. அம்மா ஊட்டுல இருந்தாத்தான் புள்ளைக்கு ஹோம் ஒர்க் சொல்லித்தர முடியும்னு நெனைப்பாங்க. பால்வாடின்னா, சத்துமாவு திங்கற புள்ளைக கூட்டம்னு ஒரு மாதிரி பாப்பாங்க."

"எங்க ஊட்டுக்காரரு, அக்கா?"

"பிசினஸ்."

"என்ன பிசினஸ்ங்க?"

"மோட்டார் பிசினஸ். மோட்டாருக்குத்தான ஷாஃப்ட் கடைஞ்சு தர்றாரு? அதுல என்ன பொய்யி?"

சில வீடுகளில் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்று டிகிரி படித்த நாத்தனாரையோ டியூஷன் டீச்சரையோ அம்மா என்று சொல்லி உட்காரவைத்து விடுகிறார்களாம். "அந்த அளவுக்கெல்லாம் நாம எறங்க வேண்டாம் அம்மணி" என்றார் அக்கா. அவரும் ஒரு கொள்கையோடுதான் வாழ்ந்தார்.

அந்த மாதம் பால்வாடி டீச்சர்களுக்கெல்லாம் ஒரு நாள் பயிற்சி வேறு வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் அந்த வெயிலில் டை கட்டியிருந்தார். தன்னை வழிநடத்தத் தெரியாதவர் குழந்தைகளை எப்படி வழிநடத்த முடியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வேஷம் போடாதீர்கள், நீங்கள் நீங்களாக இருங்கள் என்றார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "நான் நானாக இருப்பேன்" என்று சத்தமாகச் சொல்லவைத்தார். நாங்களும் புளியோதரைப் பொட்டலத்தின் வாசனையை மூக்கால் பிடித்துக்கொண்டே நாங்கள் நாங்களாக இருப்போம் என்று உறுதி எடுத்தோம். கைதட்டல், டீ, கலைந்தோம். நான் பஸ் பிடித்து நேராக வீட்டுக்கு வந்து, என் கணவருக்குப் பிசினஸ்மேனாக இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

மனுஷர் லேசில் படியவில்லை. "ஏம்புள்ள, லேத்துன்னு சொன்னா என்ன கேடு? திருடவா போறேன்?"

"நீங்க பேசாம இருங்க. எம் புள்ளையும் எம்மாதிரி சத்துமாவு உருட்டோணுமா?"

இதைச் சொன்னபோது எனக்கே சுருக்கென்றது. அதற்காகப் பேச்சை நிறுத்தவில்லை, மேலே பேசிக்கொண்டே போனேன். எனக்கு அந்த ஸீட் வேண்டும். நான் ப்ளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு ஆபீஸ்களில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் முன்னால் வாய்பொத்தி நின்றது போதும். என் மகள் அப்படி நிற்கக்கூடாது. அதற்கு ஒரு நாள் நான் ஹவுஸ் வைஃப் ஆனால் என்ன, தேய்ந்தா போய்விடுவேன்?

தினமும் சாயங்காலம் ஒத்திகை. அக்கா தன் மகனின் பிளாஸ்டிக் பழக்கூடையைக் கடன் கொடுத்தார். அதற்குள்ளிருந்த ஆப்பிளை எடுத்துக் காட்டினால் மகள் "ஆப்பிள்" என்று தெளிவாகச் சொன்னாள். நிறம் சொன்னாள். பெயர் கேட்டால் பெயர் சொன்னாள். ஃபாதர் என்ன செய்கிறார் என்றால் "பிசினஸ்". மதர்? "ஹவுஸ் வைஃப்." வெங்காயம் உரித்துக்கொண்டே நான் கேட்கக் கேட்க அவள் டக்டக்கென்று சொல்வாள். என் கணவர் மூலையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். லேத்துக் கரி அவ்வளவு சீக்கிரம் நகக்கண்ணை விட்டுப் போகாது. கடைசியில், "உள்ள போனதும் கையைப் பேன்ட் பாக்கெட்டுல உட்டுக்கோங்க" என்று முடிவு செய்தேன்.

இன்டர்வியூ நாளன்று பட்டுச் சேலை கட்டினேன். பின் குத்தினேன். கிளம்பும்போது அக்கா வாசலில் மறித்தார். "ஹேண்ட் பேக் இல்லாமப் போறீங்களா? மதிக்கமாட்டாங்க அம்மணி." என்னிடம் இருந்தது ஒரே பை, பால்வாடிப் பை. துடைத்து மாட்டிக்கொண்டேன். மகள் வழக்கம்போலக் கதவுக்கு டாட்டா காட்டினாள். பஸ்ஸில், "டீச்சர், ஜன்னல் பக்கம் உக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். உட்கார்ந்துக்கோ என்றேன். அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாள் என்பது என் காதில் ஏறவேயில்லை. மோட்டார் பிசினஸ்காரரின் கை பாக்கெட்டில் இருக்கிறதா என்பதிலேயே என் கண் இருந்தது.

பிரின்சிபால் மேடத்தின் அறையில் மேஜை ஒரு கட்டில் அகலம். சுவரில் பழங்களின் படம், மிருகங்களின் படம். வெளியே மணி அடித்தது. இதையெல்லாம் பார்த்ததும் என் மகள் மேஜைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். என் பயிற்சி! அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன்.

மேடம் முதலில் எங்களைக் கேட்டார். "ஃபாதர் என்ன பண்றீங்க?"

"பிசினஸ்ங்க" என்றார் இவர், பாக்கெட்டுக்குள் கையோடு. மேடத்துக்கு அந்தக் கை பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மரியாதை தெரியாத பணக்காரன் என்று நினைத்திருப்பார். ஒரு விதத்தில் எங்களுக்கு வெற்றிதான்.

"மதர்?"

"ஹவுஸ் வைஃப்" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை.

பிறகு மகளின் முறை. பெயர் சொன்னாள். சிவப்பு, மஞ்சள் சொன்னாள். மேடம் சுவரில் இருந்த ஆப்பிள் படத்தைக் காட்டினார். "தக்காளி" என்றாள். அதற்கும் நான்தான் காரணம். பால்வாடிச் சுவரில் நான் வரைந்திருந்த தக்காளி அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். மேடம் சிரித்தார். நல்ல சிரிப்பு. அரைக் கிணறு தாண்டிவிட்டோம் என்று எனக்கு மூச்சு வந்தது.

மேடம் என்னைக் கைகாட்டி, "ஹூ இஸ் திஸ்?" என்றார். இதை ஒத்திகையில் யாரும் கேட்கவில்லை. எந்தப் பிள்ளை தன் அம்மாவை யார் என்று சொல்லத் தெரியாமல் இருக்கும்?

என் மகள் இறங்கி நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "டீச்சர்ங்க."

மேடத்தின் சிரிப்பு நின்றது. தமிழுக்கு வந்துவிட்டார். "டீச்சரா? அப்ப உங்க அம்மா எங்கேம்மா?"

"அம்மா ஊட்டுல இருக்காங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வருஷா வருஷம் இது ஒரு வேலையாப் போச்சு. டியூஷன் டீச்சரைப் பட்டுச் சேலை கட்டிக் கூட்டிட்டு வந்துடறது. ஒரிஜினல் மதரைக் கூட்டிட்டு வர உங்களுக்கு என்ன கூச்சம், மிஸ்டர்?"

"ஐயோ, ஒரிஜினல்தானுங்க மேடம்!" என்று என் கணவர் பதறி இரண்டு கையையும் வெளியே எடுத்துக் கும்பிட்டார். மண்ணெண்ணெய் வாசமும் கூடவே வந்தது. மேடம் அந்த நகங்களைப் பார்த்தார். "என்ன பிசினஸ்?"

"லேத்துங்க" என்றார் இவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று கிளம்பினோம். கடைசியில் சோறும் இல்லை, இலையும் இல்லை.

"நான்தாங்க பெத்தேன் இவள!" என்று எழுந்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஹவுஸ் வைஃப் என்று வாய்கூசாமல் சொன்ன பொய்யைத் தட்டு நீட்டி வாங்கிக்கொண்டவர், பெற்றதை நம்பமாட்டேன் என்கிறாரே!

"குழந்தை சொல்லட்டும்" என்றார் மேடம். "பாப்பா, இவங்க உங்க அம்மாவா?"

மகள் என்னைப் பார்த்தாள். சேலையின் பின்னைப் பார்த்தாள், தோளில் இருந்த பையைப் பார்த்தாள். சட்டப்படி நான் டீச்சர்தான். ஆனால் என் குரல் வீட்டுக் குரலாக இருந்தது. குழம்பிப்போய் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், இங்க நீங்க யாருங்க?"

டை கட்டியவர் அவ்வளவு பெரிய மைக்கில் கத்தியபோது எனக்கு உறைக்கவில்லை. இவள் மெதுவாகக் கேட்டது உறைத்தது. இவள் ஒருத்திதான் அந்த அறையில் பொய் சொல்லாதவள். நான் எதைச் சொல்கிறேனோ அதைத் திருப்பிச் சொல்லத் தயாராகக் கையைக் கட்டி நிற்கிறாள். எதைச் சொல்லட்டும் என்று என்னையே கேட்கிறாள்.

பையைக் கழற்றி மேடத்தின் மேஜைமேல் வைத்தேன். குனிந்து, "அம்மாதான் கண்ணு. டீச்சரும் நான்தான். எங்க போனாலும் ரெண்டும் நான்தான்" என்றேன். பிறகு நிமிர்ந்து மேடத்திடம், "நான் பால்வாடி டீச்சருங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை.

"பின்ன ஏன் ஹவுஸ் வைஃப்னு சொன்னீங்க?"

"பால்வாடின்னா உள்ளயே உடமாட்டீங்கன்னாங்க."

மேடம் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நம்பினாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. முடிவு பலகையில் ஒட்டப்படும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்துக்கு மணியைத் தட்டினார். என் மகள் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி, "போயிட்டு வாரேனுங்க" என்றாள். எங்கள் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற அவள் ஒருத்தியாவது இருந்தாள்.

பலகையில் பெயர் இல்லை. என் கணவர் பலகைக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "கரை சேர்ற நேரத்துல இப்படிக் கவுத்துப்போட்டீங்களே அம்மணி" என்று காபி குடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மகள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தாள். பின்னாளில் பெரிய ஆளாகி அந்த மேடத்தைத் தலைகுனியவைத்தாள் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. மேடம் இந்நேரம் எங்களை மறந்தே போயிருப்பார்.

எனக்கு மறக்காதது இன்டர்வியூவுக்கு மறுநாள் காலைதான். வழக்கம்போலச் சேலையில் பின் குத்திப் பையை மாட்டி வீட்டைப் பூட்டினேன். மகள் டாட்டா காட்டவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங் கண்ணு, ஊட்டுக்கு டாட்டா சொல்லல?"

"நான் ஊட்டுக்கா சொன்னேன்?" என்றாள். "உள்ள அம்மா இருக்காங்கன்னு அம்மாவுக்குச் சொன்னேன்."

சாவி என் கையிலேயே நின்றது. இத்தனை நாளும் நான் ஒவ்வொரு காலையிலும் அவள் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், டாட்டா காட்டிவிட்டு, அழாமல் என்னோடு நடந்து வந்து, மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, எலுமிச்சங்காய் அளவு உருண்டையைத் தின்றுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அம்மாவைக் கண்டிருக்கிறாள். இதைத்தான் நான் கட்டுப்பாடு என்றும் பாசம் என்றும் லைன் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"உள்ள யாரும் இல்லீல்ல?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் அப்பா செய்வதுபோலவே பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். திருப்தியாகிவிட்டது. "அப்ப வாங்கம்மா, நேரமாச்சு" என்று பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். உருண்டைச் சண்டை மறுபடி வரும் என்று தெரிந்தே நானும் பின்னால் போனேன். தெரு திரும்பும்போது, எனக்குத்தான் அந்தக் கதவுக்கு ஒரு டாட்டா காட்டவேண்டும்போல இருந்தது.